வேலூர் வீட்டில் ஆட்டோமேட்டிக் காபி மெஷின்: கொட்டை வாங்குவதில் இருந்து டபராவில் ஆற்றுவது வரை

மெஷின் வந்த மறுநாள் காலையில் நைனாவுக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன். பட்டனை அழுத்தியதும் மெஷினே பாலை நுரைத்து ஊற்றிக் கொடுத்த கப்புசினோ. ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாப்பா இது, சூடே இல்ல. மேல சோப்பு நுரை மாதிரி கீது" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. பித்தளை ஃபில்டரைக் கழுவ எடுத்துப் போனார். ஐம்பதாயிரத்தை ஒட்டிச் செலவு செய்து வாங்கின பொருளுக்கு அதுதான் வரவேற்பு.

இன்றைக்கு அதே நைனா காலை ஐந்தரைக்கு எழுந்து தானே பட்டனை அழுத்துகிறார். மெஷின் அதேதான், நான் அதைப் பழக்கின விதம்தான் மாறியது. இதைக் கப்புசினோ மெஷின் என்று நினைத்து வாங்கினால் நம் வீடுகளில் இரண்டு மாதத்தில் துணி போட்டு மூடிவிடுவார்கள். டிகாக்‌ஷன் இறக்கும் மெஷின் என்று நினைத்தால் பிழைத்துக்கொள்ளும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

மேலே கொட்டை போடும் தொட்டி, அதுதான் ஹாப்பர். பட்டனை அழுத்தியதும் அதன் கீழே இருக்கும் கிரைண்டர் ஒரு கப்புக்கு வேண்டிய தூளை மட்டும் அரைக்கும். சுமார் 7 முதல் 11 கிராம். அந்தத் தூள் 'ப்ரூ குரூப்' என்கிற பெட்டிக்குள் விழுந்து அழுத்தப்படும். பம்ப் தண்ணீரைத் தள்ள, அது சூடான உலோகக் கட்டிக்குள் ஓடி, 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் தூளின் வழியாக இறங்கும். பெட்டியில் '15 பார்' என்று பெரிதாகப் போட்டிருப்பது பம்பின் உச்ச சக்தி. காபி இறங்க 9 பார் அளவுக்கு அழுத்தம் போதும், அதனால் 15-ஐ விட 19 பெரிதென்று விற்பனையாளர் சொல்வதற்கு மயங்க வேண்டாம். சக்கை வட்ட வில்லையாக உள்ளே ஒரு டப்பாவில் விழுந்துவிடும்.

நம் ஃபில்டரில் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை இது அரை நிமிடத்தில் அழுத்தி இறக்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: ப்ரூ குரூப்பைக் கையால் வெளியே எடுத்துக் கழுவ முடியுமா? டெலாங்கி, பிலிப்ஸ் வீட்டு மாடல்களில் பொதுவாக எடுக்கலாம். ஜூராவில் எடுக்க முடியாது, மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். நம் ஊர் புழுக்கத்துக்குக் கழற்றிக் கழுவுகிற மாதிரி இருப்பதே எனக்கு நிம்மதி.

எங்கே வைப்பது, எதில் செருகுவது

சூடாகும்போது 1450, 1500 வாட் இழுக்கும். அதாவது 6 ஆம்பியருக்கு மேல். மிக்ஸி செருகும் சின்ன பிளக் பாயிண்ட் வேண்டாம்; 16 ஆம்பியர் பவர் பிளக்கில் போடுங்கள். மாவு அரைக்கும் கிரைண்டரையும் இதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது கூடவே கூடாது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளில் பழைய ஃபில்டர்தான் கதி.

காபி இறங்கும் நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். ப்ரூ குரூப்பைப் பிடித்து இழுக்காமல் விடுங்கள். கரண்ட் வந்து ஆன் செய்ததும் அதுவே தன் இடத்துக்குத் திரும்பும். இழுத்தால்தான் உடையும்.

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில். அங்கிருந்து வரும் மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. பின்னை மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. நம் 230-ல் செருகினால் முதல் நாளே புகை. துபாயில் இருந்து வருவதென்றால் பின்னை மாற்றினால் போதும்.

அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகை ஹாப்பர் மூடியில் படியும், கொட்டையில் தாளிப்பு வாசனை ஏறும். பின்னால் கொஞ்சம் காற்று போக இடம் விடுங்கள்.

தண்ணீரில்தான் பாதி விஷயம்

வேலூரில் மெஷின் கெடுவதற்கு முதல் காரணம் தண்ணீர். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) வைத்தால் 900-க்கு மேல் காட்டுகிறது. வெந்நீர் காய்ச்சும் குண்டானின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு மெஷினுக்குள் பென்சில் கனம்கூட இல்லாத குழாயில் படிந்தால் என்ன ஆகும்? முதலில் சூடு குறையும், அப்புறம் தண்ணீர் வருவது குறையும், கடைசியில் பம்ப் வெறுமனே உறுமும். தோல் தொழிற்சாலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாலாற்றங்கரை நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்கே தெரியும். போர் தண்ணீர் மெஷினுக்கு வேண்டாம்.

சரி, ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால்? உப்புப் படியாது, ஆனால் காபி சப்பென்று இருக்கும். காபியின் ருசியைத் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம்தான் இழுத்து வருகின்றன. காபிக்கு 150 டிடிஎஸ் நல்ல இலக்கு, 75-ல் இருந்து 250 வரை பரவாயில்லை என்பது காபித் தொழிலில் வெகுகாலமாக உள்ள அளவு. எங்கள் ஆர்.ஓ.-வில் 30, 40 என்றுதான் வந்தது. சர்வீஸுக்கு வந்தவரிடம் சொல்லி டிடிஎஸ் திருகைக் கொஞ்சம் திறக்கச் சொன்னேன். இப்போது 100 பக்கம் நிற்கிறது. திருகு இல்லாத ஆர்.ஓ. என்றால் வீட்டுக்கு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டி, மீட்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம்.

மெஷினோடு ஒரு காகிதப் பட்டை கொடுத்திருப்பார்கள். அது டிடிஎஸ் பார்ப்பதில்லை, சுண்ணாம்பு படியவைக்கும் கடினத்தன்மையைப் பார்ப்பது, இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறீர்களோ அதில் அந்தப் பட்டையை ஒரு நொடி நனைத்து, வரும் நிறத்துக்கு ஏற்ப மெஷினில் எண்ணை மாற்றிவிடுங்கள். எப்போது உப்பு நீக்க வேண்டும் என்று மெஷின் போடும் கணக்கு முழுக்க இந்த எண்ணை நம்பித்தான்.

தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் தொட்டியின் ஓரம் வழுவழுவென்று ஆகிவிடுகிறது.

கொட்டை வாங்கப் போனால்

வறுத்து அரைத்துத் தரும் காபிக் கடையில் முதல் தடவை எனக்கு நடந்த உரையாடல் இது.

"எவ்ளோ சிக்கரி போடட்டும் சார்?"

"சிக்கரி வேணாங்க."

"அரைப்பு ஃபில்டருக்குத்தானே?"

"அரைக்கவும் வேணாங்க, கொட்டையாவே குடுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்போ மிஷினு வெச்சிருக்கீங்க. எண்ணெ கசியாத வறுப்பா தர்றேன்."

அவருக்குத் தெரிந்திருந்தது. ரொம்பக் கறுப்பாக வறுத்த கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுக்கும். அது ஹாப்பரில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது, கிரைண்டரிலும் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். மிதமான வறுப்பு, அதற்குச் சற்று மேல், அவ்வளவு போதும். கொட்டையைக் கையில் அள்ளினால் உள்ளங்கை பளபளக்கக் கூடாது. சர்க்கரைப் பாகு, வாசனை சேர்த்த கொட்டைகளும் ஆகாது.

எந்தக் கொட்டை என்பது உங்கள் நாக்கு. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை முகம் பார்த்து இருக்கும். ஒற்றையாக உருண்டு விளைவது பீபெரி. பிளாண்டேஷன் ஏ என்பது தண்ணீரில் பதப்படுத்தின அரபிக்கா. இவை வாசனைக்கு. பால் காபிக்கு வெறும் அரபிக்கா கொஞ்சம் மெலிவாகப் படும். கால் பங்கு ரொபஸ்டா சேர்த்தால் பாலைத் தாண்டிக்கொண்டு கசப்பு மேலே வரும். நாங்கள் முக்கால் கிலோ பிளாண்டேஷன் ஏ-வுக்குக் கால் கிலோ ரொபஸ்டா என்ற கணக்கில் வாங்குகிறோம். அதுவும் ஒரு தடவைக்குக் கால் கிலோ, அரைக் கிலோதான். வறுத்த மறுநாளே போட்டால் வாயு அடங்காமல் காபி நுரைத்துக்கொண்டு இறங்கும். நாலைந்து நாள் விட்டுத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டையை முறத்தில் கொட்டி ஒரு பார்வை பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே வேலை. இதைச் செய்யாமல் நான் ஒரு தடவை மாட்டினேன். காலையில் பட்டனை அழுத்தினதும் கிரைண்டர் 'கர்ர்ர்' என்பதற்குப் பதில் 'கிரீச்' என்று ஓர் அலறல், அப்புறம் மௌனம். கொட்டை நிறத்திலேயே, துவரம்பருப்பு அளவில் ஒரு கல். அதற்கு வந்த சர்வீஸ் செலவில் இரண்டு வருஷத்துக்கு முறம் வாங்கியிருக்கலாம். அம்மா இப்போது கொட்டையைப் புடைத்துத் தராமல் ஹாப்பரைத் தொட விடுவதில்லை.

ஹாப்பரை நிரப்பி வைக்காதீர்கள். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் போட்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த கொட்டையைச் சில்லென்று அப்படியே கொட்டினால் நம் ஊர்க் காற்றில் உடனே வேர்த்துவிடும். ஈரக் கொட்டை கிரைண்டருக்கு எதிரி.

முதல் நாள்

தொட்டியை நிரப்பி, கொட்டை போடுவதற்கு முன் வெந்நீர்க் குழாயில் இரண்டு டம்ளர் தண்ணீரை ஓடவிடுங்கள். அப்புறம் கொட்டை போட்டு ஐந்து காபி இறக்கி ஐந்தையும் கொட்டிவிடுங்கள். வயிறு எரியும், தெரியும். ஆனால் கிரைண்டரில் தூள் நிரம்பி, அளவு நிதானத்துக்கு வர அத்தனை தடவை ஆகும். முதல் கப்பைக் குடித்துவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அப்புறம் அமைப்புகள். சூட்டை உச்சத்தில் வையுங்கள். கொட்டைப் படம் போட்ட அளவையும் உச்சத்தில் வையுங்கள். பாலில் கலக்கப்போகும் டிகாக்‌ஷனுக்கு அதுதான் சரி.

அரைப்பை மாற்றும் திருகு ஹாப்பருக்குள் இருக்கும். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் திருகுங்கள். நின்றிருக்கும்போது நைஸ் பக்கம் திருப்பினால் நடுவில் சிக்கின கொட்டை பற்களை நெருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு படி, அப்புறம் இரண்டு மூன்று கப் பொறுங்கள், பழைய அரைப்புத் தூள் தீர்ந்த பிறகுதான் மாற்றம் தெரியும். காபி எப்படி விழுகிறது என்று பாருங்கள். குழாய் திறந்த மாதிரி கொட்டினால் அரைப்பு கரகரப்பு. சொட்டுச் சொட்டாகத் தடுமாறினால் ரொம்ப நைஸ். நல்லெண்ணெய் ஊற்றும்போது நூலாக விழுமே, அப்படி விழ வேண்டும்.

டிகாக்‌ஷன் இறக்கும் முறை

ஒரு டம்ளர் காபிக்கு 40 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால். எஸ்பிரெஸ்ஸோ பட்டனைத்தான் அழுத்த வேண்டும். தண்ணீர் கூடுதலாக இறங்கும் லாங் காபி, அமெரிக்கானோ பக்கம் போகவே வேண்டாம். எஸ்பிரெஸ்ஸோவின் அளவை 40 மில்லிக்கு நீங்களே பதிந்துகொள்ளலாம். பெரும்பாலான மாடல்களில் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, வேண்டிய அளவு வந்ததும் மறுபடி அழுத்தினால் மனதில் வைத்துக்கொள்ளும். மருந்து ஊற்றும் அளவு மூடி இருந்தால் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

டிகாக்‌ஷன் பற்றவில்லை என்று அதே தூளில் 80, 100 மில்லி வரை நீட்டுகிறவர்கள் உண்டு. அது முதல் டிகாக்‌ஷனோடு இரண்டாம் டிகாக்‌ஷனைக் கலந்து விருந்தாளிக்குக் கொடுக்கிற வேலை. கடைசியில் இறங்குவது வெறும் கசப்புத் தண்ணீர். திக்காக வேண்டுமா, பட்டனை இரண்டாவது தடவை அழுத்தி இன்னொரு 40 மில்லி இறக்குங்கள்.

இப்போது வரிசை. முதலில் பாலை அடுப்பில் வையுங்கள். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6, நீலத்தில் 3. காபிக்குப் பச்சை போதும். நைனாவுக்கு ஆரஞ்சு. பால் பொங்கி வரும் நேரத்துக்கு டிகாக்‌ஷன் தயாராக வேண்டும், அதுதான் தாளம். அதற்குள் டம்ளரில் வெந்நீர் ஊற்றிச் சுடவைத்துவிடுங்கள். இதைத் தவற விட்டால் எல்லாம் போச்சு. 40 மில்லி காபி என்பது ரொம்பக் கொஞ்சம், சில்லென்ற எவர்சில்வர் டம்ளர் அதன் சூட்டைத் தொட்டவுடன் குடித்துவிடும்.

குழாயை டம்ளர் விளிம்பு வரை கீழே இறக்கிவிட்டு பட்டனை அழுத்துங்கள். நாலு பேருக்கு என்றால் ஒவ்வொரு டம்ளராக வைத்துக்கொண்டிருக்காமல், சுடவைத்த சின்னப் பாத்திரம் ஒன்றில் நாலு தடவை இறக்கி, அதைக் கொதிநீர்க் கிண்ணத்தில் உட்காரவைக்கிறோம். மேலே பழுப்பாக ஒரு நுரை நிற்கும். அதைத் தனியாக நாக்கில் வைத்தால் கசக்கும். ஸ்பூனால் ஒரு சுற்றுக் கலக்கிவிடுங்கள். டபராவில் சர்க்கரை, அதன் மேல் டிகாக்‌ஷன், அதன் மேல் பொங்கின பால். இரண்டே ஆற்று. மூன்றாவது ஆற்றில் சூடு இறங்கிவிடும்.

முதல் நாள் கப்புசினோ ஏன் தோற்றது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. மெஷின் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்திவிடும். அதற்கு மேல் போனால் நுரையின் மென்மை கெட்டு வெந்த பால் வாசனை வரும் என்பது இத்தாலிக்காரர்கள் கணக்கு. நமக்கு அந்த வெந்த பால் வாசனை இல்லாவிட்டால் அது காபியே இல்லை.

சிக்கரி கேட்பவர்களுக்கு

காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது சிக்கரி 49 வரை போகலாம். அந்த ருசியில் வளர்ந்த நாக்குக்குச் சுத்தக் காபி வெளிறித்தான் தெரியும். அதற்காகச் சிக்கரி கலந்த தூளை மெஷினின் தூள் போடும் வாயில் போடாதீர்கள். சிக்கரி தண்ணீரில் கரைந்து கூழாகி, ப்ரூ குரூப்பின் சல்லடையை அடைக்கும். ஹாப்பரில் எந்தத் தூளையும் போடவே கூடாது.

அம்மா கண்டுபிடித்த வழி இது. காபிக் கடையில் சிக்கரி மட்டும் ஐம்பது கிராம் வாங்கி வந்து, அதே பித்தளை ஃபில்டரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொதிநீர் ஊற்றித் தனியாக இறக்கி, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார். இரண்டு நாள் தாங்கும். நைனா டம்ளரில் மட்டும் அதில் ஒரு ஸ்பூன். ஃபில்டரும் பரணுக்குப் போகாமல் தப்பித்தது.

மெஷினிலேயே பால் நுரைக்க வேண்டுமென்றால்

பிள்ளைகள் கேட்பார்கள், செய்யத்தான் வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சில்லென்ற பால் ஊற்றுங்கள். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சுரைஸ் செய்தது, காய்ச்சாமல் ஊற்றலாம். கறவைக்காரரிடம் வாங்கும் பாலை மட்டும் காய்ச்சி, ஆறவைத்து, குளிரவைத்து, இரண்டு தடவை வடிகட்டி ஊற்றுங்கள். ஒரு துணுக்கு ஆடை போனாலும் பால் குழாய் அடைத்துக்கொள்ளும். குடித்த கையோடு பால் குழாயில் வெந்நீரை ஓடவிட்டு, ஜாடியைக் கழற்றிக் கழுவுங்கள். மதியம் வரை விட்டால் புளித்த வாடை, மாலைக்குள் எறும்பு வரிசை.

கழுவுவது

தினமும்: சொட்டுத் தட்டு, சக்கை டப்பா. சக்கையை மெஷின் ஆனில் இருக்கும்போதே எடுத்துக் கொட்டுங்கள். ஆஃப் செய்துவிட்டு எடுத்தால், காலி செய்தீர்கள் என்று மெஷினுக்குத் தெரியாமல், வெறும் டப்பாவை வைத்துக்கொண்டு நிரம்பிவிட்டது என்று அடம்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டே நாளில் சக்கையில் பச்சைப் பூஞ்சை பூக்கிறது. ரோஜாத் தொட்டிக்குப் போடுவதென்றால் கொஞ்சமாக மண்ணில் கலந்து போடுங்கள். மேலாகக் கொட்டினால் ஓடு கட்டிவிடும்.

வாரம் ஒரு தடவை: மெஷினை ஆஃப் செய்துவிட்டு ப்ரூ குரூப்பை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், அது மசகைக் கழுவிவிடும். நிழலில் காயவிட்டு மாட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, நகரும் இடங்களில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவின ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை.

கரப்பான் பூச்சிக்கு இந்த மெஷின் ஒரு லாட்ஜ் மாதிரி: கதகதப்பு, ஈரம், இருட்டு, சாப்பாடு. ஸ்ப்ரே அடித்துவிடாதீர்கள், அந்த விஷம் கப்பில்தான் வந்து விழும். இரவில் சக்கையும் தட்டும் காலியாக, காய்ந்து இருந்தால் பெரும்பாலும் வராது.

உப்பு நீக்குவது

விளக்கு எரிந்ததும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். கம்பெனி விற்கும் திரவம்தான் நல்லது. டெலாங்கியுடையது லாக்டிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டது. வினிகர் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாசனையும் போகாது. தொட்டியில் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் ஃபில்டர் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பெரிய பாத்திரம் ஒன்றைக் குழாயின் கீழே வைத்து ஆரம்பித்தால் அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்தக் கூடாது, அதனால் கரண்ட் நிறுத்தப்போவதாக அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். கடைசியில் வரும் அலசல் சுற்றை முழுதாக முடித்து, கூடவே இன்னொரு தொட்டித் தண்ணீரையும் ஓடவிடுங்கள். மார்பிள் மேடையில் அந்தத் திரவம் சொட்டினால் மங்கிய வட்டம் விழும்; எங்கள் மேடையில் ஒன்று இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது

நாலு நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டுவதென்றால் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். கொட்டையை அள்ளி டப்பாவில் போடுங்கள், ஹாப்பரைக் காய்ந்த துணியால் துடையுங்கள். ப்ரூ குரூப்பைக் கழுவிக் காயவைத்து வெளியிலேயே வையுங்கள், உள்ளே வைத்து மூடினால் பூஞ்சை. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வந்த அன்று புதுத் தண்ணீர் ஊற்றி, வெந்நீரை ஒரு டம்ளர் ஓடவிட்டு, முதல் இரண்டு காபியைக் கொட்டிவிட்டு மூன்றாவதில் இருந்து குடியுங்கள். நைனா அந்த இரண்டையும் கொட்ட விடமாட்டார். அதை அவர் தனியாகக் குடித்துக்கொள்கிறார்.